நரியும் பரியும்: வேட்டைக் களத்தில் ஒரு புதியவர்

நரியையும் பரியையும் ஒரே மூச்சில் சொன்னால் தமிழ் வாசகருக்கு நினைவுக்கு வருவது மதுரைதான். குதிரை வாங்கச் சென்ற திருவாதவூரர் பாண்டியனின் பொருளைத் திருப்பெருந்துறையில் கோயில் திருப்பணிக்குச் செலவிட்டுவிட, இறைவன் காட்டு நரிகளைப் பரிகளாக்கிக் கொண்டுவந்து நிறுத்தினான். இரவில் அவை மறுபடியும் நரிகளாகி, லாயத்தில் நின்ற மெய்யான குதிரைகளைக் கடித்துவிட்டு ஓடின. பரிமீது ஏறி நரியைத் துரத்திய ஆங்கிலேயரின் வரலாற்றுக்கும் இந்தத் திருவிளையாடலுக்கும் தொடர்பு ஏதுமில்லை. எனினும் உருமாற்றம் என்பது அந்த வரலாற்றிலும் உண்டு. அங்கே மளிகைக்காரர் கனவானாக மாறினார், அஞ்சல்துறை எழுத்தர் நாட்டுப்புறப் பெரியமனிதராக மாறினார். அந்த மாற்றம் எப்படி நிகழ்ந்தது, அதற்கு அவர்கள் கொடுத்த விலை என்ன என்பதைத்தான் நாம் இங்கே பார்க்கப்போகிறோம்.

முதலில் ஒரு சொல் விளக்கம். தமிழ்நாட்டில் நாம் நரி என்று பொதுவாகச் சொல்வது பெரும்பாலும் ஆங்கிலத்தில் ஜாக்கல் எனப்படும் விலங்கை. ஆங்கிலேயர் தம் நாட்டில் துரத்தியது செந்நரி. செம்பழுப்பு உடலும் புதர்போல் அடர்ந்த வாலும் கொண்டது. இந்தியாவில் அது இமயமலைப் பகுதியிலும் வடமேற்கின் வறண்ட நிலங்களிலும் வாழ்கிறதே தவிரத் தெற்கே கிடையாது. இந்த வேறுபாடு பின்னால் ஊட்டியைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

செந்நரிக்கு இங்கிலாந்தில் தொடக்கத்தில் எந்த மதிப்பும் இருக்கவில்லை. அரசர்களும் பிரபுக்களும் வேட்டையாடியது மானை. நரி கோழி திருடும் தொல்லை விலங்கு. எலிசபெத் அரசி காலத்தில், 1566இல் வந்த சட்டம் ஒன்று நரித்தலைக்கு விலை வைத்தது. ஊர்த் தேவாலயத்தின் பொறுப்பாளர்கள் தலையைப் பெற்றுக்கொண்டு காசு கொடுத்தார்கள். பதினேழாம் நூற்றாண்டின் உள்நாட்டுப் போரில் மான் பூங்காக்கள் பல அழிந்தன, காடுகளும் குறைந்துகொண்டே வந்தன. வேட்டையாட மான் போதாமல் போனபோதுதான் கனவான்களின் கண் நரியின்மீது விழுந்தது.

நரிவேட்டைக்கு இன்றும் அறியப்படும் வடிவத்தைக் கொடுத்தவர் என ஹ்யூகோ மெய்னலைச் சொல்வார்கள். லெஸ்டர்ஷயரில் உள்ள க்வார்ன் வேட்டைக்கு 1753 முதல் 1800 வரை தலைவராக இருந்தவர். அதற்கு முந்தைய வேட்டை விடியலில் தொடங்கும். இரவெல்லாம் இரைதேடி வயிறு நிறைந்த நரி தன் வளைக்குத் திரும்பிய தடத்தை நாய்கள் மெல்ல மோந்து செல்லும், மனிதர்களும் மெல்லப் பின்தொடர்வார்கள். மெய்னல் வேகமான நாய்களை வளர்த்தெடுத்தார். வேட்டை தொடங்கும் நேரத்தையும் முற்பகலுக்குத் தள்ளிவைத்தார். அதற்குள் உண்டது செரித்துவிட்ட நரி முழுவேகத்தில் ஓடும். அதே காலத்தில் நாடாளுமன்றச் சட்டங்களால் பொதுநிலங்கள் வேலியடைக்கப்பட்டு, மத்திய இங்கிலாந்தின் உழவு வயல்கள் மேய்ச்சல் நிலங்களாக மாறிக்கொண்டிருந்தன. ஏழை உழவரிடமிருந்து பொதுநிலத்தைப் பறித்த அதே புதர்வேலி, குதிரைவீரனுக்குத் தாண்டி மகிழும் தடையாயிற்று. நரிவேட்டையின் அழகைப் பாடியவர்கள் இந்தப் பின்னணியை அதிகம் பேசவில்லை.

நேரம் மாறியதில் இன்னொரு விளைவும் இருந்தது. விடியலில் தொடங்கும் வேட்டைக்கு அண்டை வீட்டார் மட்டுமே வரமுடியும். பதினொரு மணிக்குத் தொடங்கும் வேட்டைக்குப் பல மைல் தொலைவிலிருந்தும் வரலாம். மெல்டன் மௌப்ரே என்ற சிற்றூர், க்வார்ன், காட்டஸ்மோர், பீவர் ஆகிய மூன்று வேட்டைக் குழுக்களின் நிலங்கள் சந்திக்கும் இடத்தில் இருந்ததனாலேயே குளிர்காலத் தலைநகராக மாறியது. புதியவர் என்ற மனிதர் இவ்வாறுதான் களத்துக்கு வந்துசேர்ந்தார்.

வந்தவருக்குக் கையேடு வேண்டும் அல்லவா? 1781இல் பீட்டர் பெக்ஃபோர்டு எழுதிய 'வேட்டை குறித்த எண்ணங்கள்' என்ற நூல், வேட்டையில் இறங்க விரும்பும் நண்பருக்கு எழுதும் கடிதங்களாக அமைந்தது. நாய்க்கூடத்தை எப்படிக் கட்டுவது, நாய்களுக்கு எதைச் சமைத்துப் போடுவது, எப்படிப்பட்ட வேட்டைக்காரரை வேலைக்கு அமர்த்துவது என்று பொறுமையாகச் சொல்லிச்செல்லும் நூல் அது. ஆனால் அந்த நண்பர் சொந்தமாக நாய்ப்படை வைத்துக்கொள்ளும் வசதி படைத்தவர். அடுத்த நூற்றாண்டின் புதியவர்கள் வேறுவகையினர்.

ஒரு பிரபு தன் சொந்தச் செலவில் நாய்களை வளர்த்த காலம் மெல்ல மங்கி, பலர் சந்தா கட்டி நடத்தும் வேட்டைக் குழுக்கள் பெருகின. சந்தா கட்ட முடிந்தவருக்குக் கதவு திறந்தது. அன்றைக்கு மட்டும் வருபவரிடம் தொப்பியை நீட்டிக் காசு வாங்கும் பழக்கம் இருந்ததால் அந்தக் கட்டணத்துக்கே 'கேப்', அதாவது தொப்பி, என்று பெயர் வந்தது. இருப்புப்பாதைகள் வந்தபோது வேட்டை நிலங்களைத் துண்டாடி ஒழித்துவிடும் என்று பலர் அஞ்சினார்கள். நடந்ததோ வேறு. லண்டன் வணிகர் காலையில் குதிரையோடு ரயிலேறி, வேட்டையாடிவிட்டு இரவு வீடு திரும்ப முடிந்தது.

இந்த மனிதரை இலக்கியத்தில் நிலைநிறுத்தியவர் ராபர்ட் ஸ்மித் சர்ட்டீஸ். 1830களின் தொடக்கத்தில் ஓர் இதழில் அவர் எழுதத் தொடங்கி, 1838இல் நூலான கதைகளின் நாயகர் ஜாரக்ஸ், லண்டன் மளிகை வணிகர். பருத்த உடல், படிப்பில்லாத பேச்சு, தேயிலை வியாபாரம், நரிவேட்டையில் தீராத வெறி. 1843இல் வந்த 'ஹேண்ட்லி கிராஸ்' நாவலில் அவர் ஒரு வேட்டைக் குழுவுக்கே தலைவராகிவிடுகிறார். சர்ட்டீஸ் அவரைக் கண்டு சிரிக்கிறார். ஆனால் அந்தச் சிரிப்பில் வெறுப்பு இல்லை. பிறப்பால் வந்த கனவான்கள் பலர் ஆடைக்காகவும் பேருக்காகவும் களத்தில் நிற்கும்போது, ஜாரக்ஸ் ஒருவரே நாய்களின் வேலையை மெய்யாக நேசிக்கிறார். 1853இல் வந்த 'திருவாளர் ஸ்பாஞ்சின் வேட்டைச் சுற்றுலா' நூலின் நாயகரோ நேரெதிர். பிறர் வீடுகளில் தங்கி உண்டு, குணம்கெட்ட குதிரைகளை நல்ல குதிரைகளென்று விற்றுப் பிழைக்கும் மனிதர். சிவப்புக் கோட்டு அணிந்தவரைக் கேள்வி கேட்காமல் வரவேற்கும் சமூகத்தில் ஏமாற்றுக்காரரும் எளிதில் நுழைந்துவிடுவார் என்று சர்ட்டீஸ் கண்டுகொண்டார். டிக்கன்ஸின் 'பிக்விக்' கதைகளுக்கு முதல் வித்தும் இங்கேதான் இருக்கிறது. வேட்டைக்குப் போய் அல்லல்படும் நகரத்து மனிதர்களின் சங்கம் ஒன்றைப் படங்களாக வரைய ஓவியர் ராபர்ட் சீமோர் கொண்டிருந்த திட்டம்தான் 1836இல் டிக்கன்ஸின் கைக்கு வந்து வேறு வழியில் போயிற்று.

பணம் கதவைத் திறந்தது என்றோம். கதவுக்கு உள்ளே வேறொரு வாசற்படி இருந்தது. அது எழுதப்படாத விதிகளால் ஆனது. அவற்றுள் பல இன்றும் பின்பற்றப்படுகின்றன. தலைவருக்கு வணக்கம் சொல்லாமல் களத்தில் சேரக்கூடாது, விடைபெறாமல் போகவும் கூடாது. நண்பகலில் கிளம்பினாலும் 'இரவு வணக்கம்' என்றே விடைபெற வேண்டும். வேட்டை நாய்களைச் சாதாரண நாய் என்ற சொல்லால் குறிப்பிடக்கூடாது. அவற்றை ஒன்றொன்றாக எண்ணாமல் இணை இணையாகவே எண்ண வேண்டும். முப்பத்தைந்து நாய்கள் என்றால் பதினேழரை இணை. சிவப்புக் கோட்டை 'இளஞ்சிவப்பு' என்றே சொல்லவேண்டும் என்பது நெடுநாள் மரபு. அந்தக் கோட்டும் வேட்டைக் குழுவின் சின்னம் பொறித்த பொத்தானும் அழைப்பின்பேரில் கிடைப்பவை. புதியவர் கறுப்புக் கோட்டிலோ, பருவத் தொடக்கத்தில் முரட்டுக் கம்பளிக் கோட்டிலோ, கூட்டத்தின் பின்பகுதியில்தான் வரவேண்டும்.

இவற்றை வெறும் பகட்டு என்று தள்ளிவிட முடியாது. பல விதிகளுக்குக் காரணம் உண்டு. உதைக்கும் குதிரையின் வாலில் சிவப்பு நாடா கட்டுவது பின்னால் வருபவரின் காலைக் காப்பதற்கு. பழகாத இளங்குதிரைக்குப் பச்சை நாடா. நாய்களுக்கு மிக நெருங்கிச் சென்றால் அவை தடத்தை இழக்கும், குதிரையின் குளம்பில் மிதிபடவும் கூடும். விதைத்த வயலின் ஓரமாகவே சுற்றிச் செல்லவேண்டும். கடைசியாக வருபவர் படலை மூட வேண்டும், இல்லாவிட்டால் மாடுகள் சாலைக்கு வந்துவிடும். கோழியை இழந்தவருக்கு ஈடு கொடுக்க வேட்டைக் குழுக்கள் தனியாக நிதி வைத்திருந்தன. ஏனெனில் நிலம் வேட்டையாடுபவருடையது அன்று. குத்தகை விவசாயி முகம் சுளித்தால் வேட்டை நின்றுவிடும். புதியவர் முதலில் கற்கவேண்டியது குதிரை தாண்டுவதை அல்ல, பிறர் நிலத்தில் விருந்தாளியாக நடந்துகொள்வதை.

இத்தனை அக்கறை கொண்ட அந்த ஒழுங்கின் நடுவில்தான் ஒரு வினோதம் இருந்தது. நரி கோழியைத் தின்னும் தொல்லை விலங்கு, அதனால் கொல்கிறோம் என்றார்கள். அதே நரி தங்கிப் பெருகுவதற்காகப் புதர்க்காடுகளை நட்டு வளர்த்தார்கள். நரி போதாத இடங்களுக்கு ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து லண்டன் லெடன்ஹால் சந்தையில் விற்கப்பட்டவற்றை வாங்கிவந்து விட்டார்கள். துப்பாக்கியால் நரியைச் சுட்டவரைக் கொலைகாரரைப்போல் ஊர் ஒதுக்கியது. தொல்லையை ஒழிப்பதே நோக்கமென்றால் சுட்டவருக்கு நன்றி அல்லவா சொல்லியிருக்க வேண்டும்?

இந்தக் கேள்வியை நேருக்குநேர் சந்தித்தவர் ஆண்டனி டிராலோப். 1841இல் தம் இருபத்தாறாம் வயதில், லண்டனில் சோபிக்காத அஞ்சல்துறை எழுத்தராக இருந்து, அயர்லாந்தின் பனாகர் என்ற ஊருக்கு மாற்றலாகிப் போனார். கடன், தனிமை, தாழ்வுணர்ச்சி எல்லாம் சூழ்ந்திருந்த மனிதர். அங்கே போனதும் ஒரு வேட்டைக்குதிரை வாங்கினார். உடல் கனமானவர், கிட்டப்பார்வை உள்ளவர். வேலிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே தாண்டியதைத் தம் தன்வரலாற்றில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். ஆனால் களம் அவரை ஏற்றுக்கொண்டது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கூட்டத்தில் தானும் ஒருவன் என்ற உணர்வு அவருக்கு அங்கே கிடைத்திருக்கவேண்டும். அவருடைய நாவல்கள் பலவற்றில் காரணமே இல்லாமல் ஒரு வேட்டைக் காட்சி வந்துவிடுவதைப் படித்தவர்கள் அறிவார்கள்.

1869இல் வரலாற்றாசிரியர் எட்வர்ட் ஃப்ரீமன் 'ஃபோர்ட்நைட்லி ரிவ்யூ' இதழில் நரிவேட்டையின் அறத்தைக் கேள்விக்குட்படுத்தி எழுதினார். காளையை நாய்களால் கடிக்கவிட்டு வேடிக்கை பார்ப்பதைச் சட்டம் தடுத்த பிறகு, நரியை மட்டும் கனவான்கள் இன்பத்துக்காகத் துன்புறுத்துவது எப்படிச் சரி என்பது அவரது வாதத்தின் சாரம். அதே இதழில் டிராலோப் பதில் எழுதினார். பலருக்குக் கிடைக்கும் நலமான மகிழ்ச்சி, வெவ்வேறு தரத்து மனிதர் ஒன்றுகூடும் வாய்ப்பு, இவற்றின்முன் அந்தத் துன்பம் பெரிதல்ல என்பது அவரது நிலை. இன்று படிக்கையில் ஃப்ரீமனின் தர்க்கமே வலுவாகத் தெரிகிறது. ஆனால் டிராலோப் தன் தனிமையை நீக்கிய ஒன்றுக்காக வாதாடுகிறார் என்பதை மறந்துவிட்டால் அவரை நாம் புரிந்துகொள்ளவே முடியாது.

பெண்களுக்கும் இந்தக் கதவு மெல்லத் திறந்தது. ஒருபக்கமாக அமரும் சேணத்தில் 1830களில் வந்துசேர்ந்த கூடுதல் கொம்பு ஒன்று தொடையைப் பிடித்துக்கொள்ள, வேலி தாண்டுவது அவர்களுக்கும் இயல்வதாயிற்று. 1870களில் ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத்தே நார்தாம்ப்டன்ஷயருக்கு வந்து ஆண்களுக்கு நிகராக வேட்டையாடினார்.

புதியவரின் அகத்தை எழுதியவர்களில் தலையாயவர் சீக்ஃபிரிட் சஸூன். முதல் உலகப்போர்க் கவிஞராக நம்மில் பலர் அறிந்தவர். பாக்தாதிலிருந்து பம்பாய்க்கு வந்து பெருவணிகராக வளர்ந்த டேவிட் சஸூனின் கொள்ளுப்பேரர். மும்பையில் டேவிட் சஸூன் நூலகம் இன்றும் இருக்கிறது. சீக்ஃபிரிடின் தந்தை யூதரல்லாத பெண்ணை மணந்ததால் குடும்பத்தாரால் ஒதுக்கப்பட்டார். கென்ட் மாவட்டக் கிராமத்தில் 1886இல் பிறந்த சீக்ஃபிரிட் குதிரையும் கிரிக்கெட்டுமாக வளர்ந்தார். 1928இல் முதலில் பெயரில்லாமல் வெளிவந்த அவருடைய 'ஒரு நரிவேட்டைக்காரனின் நினைவுகள்' என்ற நாவலில் பாக்தாதும் இல்லை, பம்பாயும் இல்லை. அத்தையிடம் வளரும் ஜார்ஜ் ஷெர்ஸ்டன் என்ற அநாதைச் சிறுவன்தான் இருக்கிறான். தன்னுள் இருந்த அயலானை அழித்துவிட்டு, கூச்சம் மிகுந்த ஒரு புதியவனை மட்டும் சஸூன் மிச்சம் வைத்துக்கொண்டார்.

சிறுவன் ஷெர்ஸ்டனைக் குதிரைக்காரர் டிக்ஸன் வேட்டைக்கு அழைத்துச் செல்கிறார். எதை எப்போது செய்யவேண்டும் என்று அவனுக்குத் தெரியாது. தன் வயதொத்த, எல்லாம் அறிந்த இன்னொரு சிறுவனைப் போல் ஆகிவிட ஏங்குகிறான். அப்போது புதரிலிருந்து நரி வெளிப்படுகிறது. மற்றவன் நாய்களை அழைக்கக் குரலெழுப்புகிறான். ஷெர்ஸ்டன் தன்னை மறந்து, அப்படிச் செய்யாதே, நரி பிடிபட்டுவிடும் என்று பதறிக் கூவிவிடுகிறான். அடுத்த கணமே, சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று வெட்கத்தில் குன்றிப்போகிறான்.

நரிவேட்டையைப் பற்றி நாம் படித்தவற்றில் இதைவிடக் கூர்மையான இடம் வேறில்லை. வேட்டையை எதிர்க்கும் வாதமாக அதைச் சஸூன் எழுதவில்லை. அவர் பின்னாளிலும் வேட்டையை நேசித்தவரே. ஆனால் களத்துக்கு வரும் மனிதன் எதைக் கற்கிறான் என்பதோடு எதை மறக்கவேண்டியிருக்கிறது என்பதும் அதில் பதிவாகிவிட்டது. முதல் வேட்டையில் நரி கொல்லப்பட்டதும் அதன் இரத்தத்தைப் புதியவரின் கன்னத்தில் பூசும் சடங்கு ஒன்று இருந்தது. வாலையோ பாதத்தையோ பரிசாகக் கொடுப்பதும் உண்டு. வெட்கத்தில் சிவந்த கன்னத்தைச் சமூகம் தன் கையாலேயே சிவப்பாக்கித் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது.

நாவல் 1916இன் மேற்குப் போர்முனைப் பதுங்குகுழியில் முடிகிறது. டிக்ஸன் படையில் சேர்ந்து நிமோனியாவில் இறந்துவிடுகிறார். தோழர்கள் சுடப்பட்டுச் சாகிறார்கள். 1914இல் அரசு பெருந்தொகையான குதிரைகளைப் போருக்கென்று எடுத்துக்கொண்டபோது வேட்டை லாயங்களும் காலியாயின. 1917இல் போரை நீட்டிப்பவர்களை எதிர்த்து அறிக்கை வெளியிட்டவர் சஸூன். நரிக்காகப் பதறிய சிறுவனை, பின்னாளில் படைவீரர்களுக்காகக் குரலெழுப்பிய அதிகாரியோடு சேர்த்துப் படிப்பது மிகையான வாசிப்பாகாது என்றே நினைக்கிறோம்.

இனி நம் பக்கம். இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயர் நரிவேட்டையையும் கொண்டுவந்தார்கள். சமவெளியின் வெயிலில் ஆங்கில நாய்கள் துவண்டன, ஊட்டியின் குளிர் அவற்றுக்கு ஒத்துக்கொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அங்கே வேட்டைக் குழு உருவாயிற்று. இங்கிலாந்திலிருந்து நாய்கள் கப்பலில் வந்தன. செந்நரி இல்லாத மலையில் ஜாக்கல் அந்த வேடத்தை ஏற்றது. சிவப்புக் கோட்டும் கொம்பொலியும் விதிகளும் அப்படியே பெயர்க்கப்பட்டன. 1891 முதல் 1896 வரை சென்னை ஆளுநராக இருந்த வென்லாக் பிரபுவின் பெயரைத் தாங்கிய புல்வெளிதான் அவர்களின் களம். நமக்கோ அது திரைப்படப் பாடல்களில் பார்த்துப் பழகிய இடம். அது தோடர்களின் எருமைகள் மேய்ந்த நிலமும்கூட. இங்கிலாந்தில் புதியவர் நில உடைமையாளருக்குத் தொப்பியைக் கழற்றினார். இங்கே நிலத்துக்கே புதியவர்கள் அதற்குத் தம் ஆளுநரின் பெயரைச் சூட்டினார்கள். 1972இன் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அத்தகைய வேட்டைக்கு இந்தியாவில் இடமில்லாமல் போயிற்று.

தாயகத்தில் முடிவு தாமதமாக வந்தது. ஸ்காட்லாந்து 2002இல் தடைச்சட்டம் இயற்றியது. அதே ஆண்டு செப்டம்பரில் நான்கு லட்சம் பேர் லண்டனில் திரண்டு நாட்டுப்புற வாழ்வைக் காக்கவேண்டுமென ஊர்வலம் போனார்கள். பிரபுக்கள் அவையின் எதிர்ப்பை மீறி 2004இல் நிறைவேறிய வேட்டைச் சட்டம் 2005 பிப்ரவரி 18 அன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறைக்கு வந்தது. அதைக் கொண்டுவந்த அரசின் தலைவர் டோனி பிளேர், 2010இல் வெளியான தம் நினைவுநூலில் அதற்காக வருந்தினார்.

வேட்டைக் குழுக்கள் கலையவில்லை. முன்கூட்டியே இழுத்துச்சென்ற வாசனைத் தடத்தை நாய்கள் பின்தொடர, குதிரைகள் அதன் பின்னே ஓடின. இது பழைய வேட்டைக்கு முகமூடி என்று எதிர்ப்பாளர்கள் சொல்லிவந்தார்கள். நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் உறுப்பினர்கள் 2021இல் தங்கள் நிலங்களில் அதற்கு எதிராக வாக்களித்தார்கள். 2024 தேர்தலில் வென்ற தொழிற்கட்சி இதையும் தடைசெய்வதாகத் தன் தேர்தல் அறிக்கையில் கூறியிருந்தது. மனித ஓட்டக்காரரைப் பிளட்ஹவுண்ட் நாய்கள் மோந்து தொடரும் குழுக்களும் உண்டு. ஓடுபவரைப் பிடித்துவிட்டால் அவை அவர் முகத்தை நக்குகின்றன.

இந்தக் கடைசிச் செய்தியில்தான் ஃப்ரீமனுக்கும் டிராலோப்புக்கும் நடந்த வாதத்தின் தீர்ப்பு ஒளிந்திருக்கிறது என்று நமக்குப் படுகிறது. டிராலோப் பட்டியலிட்ட நன்மைகள், அதாவது குளிர்காலக் காற்று, வேலி தாண்டும் துணிச்சல், அயலாரோடு ஒரு நாள், எல்லாம் நரி இல்லாமலும் கிடைக்கின்றன. அப்படியானால் நரியின் சாவு எதற்காகத் தேவைப்பட்டது? புதியவரைக் குழுவுக்குள் கட்டிப்போட, அவரிடமிருந்து ஏதோ ஒன்றைத் திரும்பப்பெற முடியாதபடி வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது போலும். எந்தக் குழுவில் சேரும்போதும் நம்மிடம் அப்படி ஏதாவது ஒன்று கேட்கப்படத்தான் செய்கிறது. படலை மூடக் கற்றுக்கொள்வது நல்லது. பிடிபட்டுவிடும் என்று பதறிய அந்தச் சிறுவனின் குரலைக் கொடுத்துவிடாமல் இருப்பது அதனினும் நல்லது.